பேட்டரியில் போட்டால் மட்டும் நின்றுபோகும் வயர்லெஸ் போர்டு: காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

வைஃபையோ புளூடூத்தோ வழியாகத் தகவல் அனுப்பும் ஒரு சிறிய மின்னணுப் போர்டு. மேசைமீது, யூஎஸ்பி கம்பியில் இணைத்து வைத்திருந்தவரை அது ஒரு குறையும் சொல்லவில்லை. பேட்டரியை மாட்டி, பெட்டியை மூடி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்ததும் நாலைந்து முறை தகவல் அனுப்பிவிட்டு அமைதியாகிவிட்டது. திறந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரியில் போதுமான வோல்ட் இருக்கிறது. "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிரலைத் திருத்த உட்காருகிறோம். வழி தவறுவது அங்கேதான்.

நானும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் அளவு காட்டும் கருவியை வைத்துக்கொண்டு மூன்று இரவுகளை இப்படி வீணாக்கியிருக்கிறேன். பகல் முழுவதும் ஓடும். விடியற்காலை நாலு மணிவாக்கில் நின்றுவிடும். அந்த நேரத்தில் ரூட்டர் ஏதோ செய்கிறது என்று ரூட்டரைச் சந்தேகித்தேன். பிறகு கடிகாரக் கணக்கில் பிழை என்று நிரலைச் சந்தேகித்தேன். காரணம் இரண்டுமில்லை, குளிர். பாதி தீர்ந்த அல்கலைன் செல்களின் உள்தடை (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) விடியற்காலைக் குளிரில் கூடியது. வைஃபை ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்ப முயன்ற அந்த ஒரு கணத்தில் மின்னழுத்தம் சிப்புக்குப் போதாமல் போனது. வெயில் ஏறிய பிறகு நான் போய் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

பேட்டரி சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர் காட்டும் எண் வேறு. ரேடியோ அனுப்பும் கணத்தில் சிப்பின் காலில் இருக்கும் எண் வேறு. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த இரண்டாவது எண்ணைப் பிடிப்பதற்கும், அதை உயர்த்துவதற்கும்தான்.

இரண்டு எண்களுக்கும் நடுவே என்ன நடக்கிறது

எந்த பேட்டரிக்கும் உள்தடை உண்டு. புதிய டபுள் ஏ அல்கலைன் செல்லில் அது ஏறக்குறைய 0.15 முதல் 0.3 ஓம். செல் தீரத் தீர அது கூடும். குளிரில் இன்னும் கூடும். ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் போர்டு சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கிறது என்பதால், அந்தத் தடையில் இழப்பு ஒன்றுமில்லை. வைஃபை விழித்ததும் கதையே மாறுகிறது. வைஃபை உள்ளடங்கிய இஎஸ்பி 32 சிப் 802.11பி என்ற வைஃபை முறையில் முழுத் திறனோடு அனுப்பும்போது ஏறக்குறைய 240 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்கிறது அதன் தரவுத்தாள். தொடக்கத்தில் ரேடியோ தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் கணத்தில் அதைவிட உயரமான முகடுகளும் வரும். குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும் என்று தயாரிப்பாளரே பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு டபுள் ஏ செல்கள், இஎஸ்பி 8266 (இதுவும் வைஃபை சிப்தான்) போர்டுக்கு நேரடியாக. சும்மா இருக்கும்போது 2.95 வோல்ட். செல்கள் கொஞ்சம் தேய்ந்தவை, ஒவ்வொன்றுக்கும் 0.25 ஓம், ஆக 0.5. செல் பெட்டியின் சுருள்வில்களும் தகடுகளும் 0.15 ஓம். மெல்லிய கம்பிகளும் பிரெட்போர்டும் (பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பலகை) சேர்ந்து 0.25 ஓம். அனுப்பும் கணத்தில் 300 மில்லி ஆம்பியர் ஓடினால் செல்களுக்குள்ளேயே 0.15 வோல்ட் போய்விடும். பெட்டியில் 0.045 வோல்ட், கம்பிகளில் 0.075. சிப்புக்குப் போய்ச் சேருவது 2.68 வோல்ட்.

இஎஸ்பி 8266 தரவுத்தாள் 2.5 வோல்ட் வரை அனுமதிக்கிறதே என்று கேட்கலாம். அதே போர்டில் நிரலைச் சேமித்து வைத்திருக்கும் ஃபிளாஷ் சிப்பையும் பாருங்கள். இந்த வகையில் பரவலாகப் பயன்படும் சிப்புகளுக்குக் கீழெல்லை 2.7 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலர் விழித்திருக்கும், ஆனால் ஃபிளாஷ் தப்பான பைட்டுகளைப் படித்துக் கொடுக்கும். சம்பந்தமில்லாத முகவரியில் நிரல் உடைந்து விழும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். அதைப் பார்க்கும் யாருக்கும் மென்பொருள் பிழை என்றுதான் தோன்றும். இந்தக் கணக்கில் ஏறக்குறைய பாதி இழப்பு பேட்டரியில் இல்லை, கம்பியிலும் பெட்டியிலும் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். புது பேட்டரி வாங்கிப் போட்டும் பலருக்குச் சிக்கல் தீராததன் காரணம் அதுதான்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் மின்னழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்

ரேடியோ இயங்கத் தொடங்கும் இடத்திலேயே எப்போதும் ரீசெட் ஆவது, அதாவது சிப் தானாகவே முதலிலிருந்து தொடங்குவது, முதல் அறிகுறி. சென்சார் படிக்கிறது, திரையில் எழுதுகிறது, வைஃபை இணைப்பு வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

ரூட்டருக்குப் பக்கத்தில் ஓடி, தூரத்தில் நிற்பது இரண்டாவது. இதை ஆன்டெனா சிக்கல் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் தூரம் கூடினால் பொட்டலங்கள் தொலையும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும், வேகம் குறைந்து ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் அதிக நேரம் இருக்கும். ரேடியோ நீண்ட நேரம் இழுத்தால் மின்னழுத்தமும் நீண்ட நேரம் தாழ்ந்திருக்கும்.

பெறுவது சரியாக இருந்து அனுப்புவது மட்டும் தவறுவது, என்ஆர்எஃப்24எல்01 வகை ரேடியோ மாட்யூல்களில் அடிக்கடி காணக்கூடியது. சாதாரண மாட்யூல் அனுப்பும்போது 11.3 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். திறன் பெருக்கி சேர்த்த நீண்ட தூர மாட்யூல் 115 மில்லி ஆம்பியரைத் தொடும். பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம்தான். பசியில் பத்து மடங்கு வித்தியாசம்.

அசைவு உணரும் சென்சாரோடு இணைத்த கருவி யாருமில்லாத அறையில் தானாகவே திரும்பத் திரும்ப எச்சரிக்கை அனுப்பினால், அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வைஃபை அனுப்பும்போது மின்னழுத்தம் சரிகிறது. அந்தச் சரிவை சென்சார் அசைவு என்று எடுத்துக்கொண்டு மறுபடி எழுப்புகிறது. எழுந்ததும் வைஃபை அனுப்புகிறது. பேய்க் கதை மாதிரி இருக்கும் இதன் வேர் ஒரு மின்தேக்கி போதாமை.

படி 1: பேட்டரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுங்கள்

நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், பேட்டரியை எடுத்துவிட்டு அதே கம்பிகளில் ஒரு நல்ல மின்வழங்கியை இணையுங்கள். குறைந்தது 1 ஆம்பியர் தரக்கூடியதாக இருக்கட்டும். சிக்கல் மறைந்தால் வழக்கு பாதி முடிந்தது.

மறுபாதிதான் முக்கியம், பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை: சிக்கலை வேண்டுமென்றே வரவழையுங்கள். மின்வழங்கிக்கும் போர்டுக்கும் நடுவே தொடரிணைப்பில் 1 ஓம் மின்தடை ஒன்றைப் போடுங்கள். பிறகு மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள். வெளியில் பார்த்த அதே தவறு அதே வடிவத்தில் வந்தால், சந்தேகத்துக்கு இடமில்லை. எந்த எண்ணில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிரலில் தேவைப்படும்.

யூஎஸ்பி சீரியல் கம்பியை மாட்டிக்கொண்டு சோதிப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அந்த அடாப்டரின் மின்வழங்கு கம்பி போர்டோடு இணைந்திருந்தால் நீங்கள் பேட்டரியைச் சோதிக்கவில்லை, கணினியைச் சோதிக்கிறீர்கள். அதைக் கழற்றினாலும் அடாப்டரின் அனுப்பும் காலிலிருந்து சிப்பின் பாதுகாப்பு டையோடு வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் கசிந்து உள்ளே வரும். ஆகவே தரைக் கம்பி, போர்டு அனுப்புவதைப் படிக்கும் கம்பி, இந்த இரண்டை மட்டும் இணையுங்கள்.

படி 2: ஏன் ரீசெட் ஆனாய் என்று சிப்பையே கேளுங்கள்

பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்கள் கடைசி ரீசெட்டின் காரணத்தை ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) எழுதி வைக்கின்றன. இஎஸ்பி 32-இல் மின்னழுத்தக் குறைவு கண்டுபிடிப்பான் தூண்டப்பட்டது என்று சீரியல் திரையிலேயே ஒரு வரி வரும். நிரலுக்குள்ளிருந்து ரீசெட் காரணத்தைக் கேட்டால் 9 என்ற எண் கிடைக்கும். திரை இல்லாத இடத்தில் ஓடும் கருவியாக இருந்தால், ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்த எண்ணையும் தகவலோடு சேர்த்து அனுப்பச் செய்யுங்கள். ஒரே வரி நிரல். பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஆர்டுயினோ போர்டுகள் பலவற்றில் இருக்கும் ஏடிமெகா 328பி சிப்பில் இதற்கென ஒரு கொடி பிட் இருக்கிறது. ஆனால் சில பூட்லோடர்கள் (முதலில் ஓடி உங்கள் நிரலைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்கள்) உங்கள் நிரல் தொடங்கும் முன்பே அந்த ரெஜிஸ்டரைத் துடைத்துவிடும். எப்போதும் பூஜ்யமே வந்தால் நம்பிவிடாதீர்கள். என்ஆர்எஃப்52 வகை புளூடூத் சிப்புகளில் கணக்கு தலைகீழ்: எந்தக் கொடியும் ஏறாமல் இருந்தால்தான் அது மின்சாரம் வந்ததாலோ மின்னழுத்தம் சரிந்ததாலோ நடந்த ரீசெட் என்று பொருள்.

இஎஸ்பி 8266-இடம் இவ்வளவு தெளிவான பதிலை எதிர்பார்க்க முடியாது. அது சில சமயம் ரீசெட்கூட ஆகாமல் அப்படியே உறைந்து நிற்கும். மின்னழுத்தம் மீண்டு வந்தாலும் எழாது. அதற்கு மருந்தைப் பின்னால் சொல்கிறேன்.

படி 3: சரியான இடத்தில், சரியான நேரத்தில் அளவிடுங்கள்

மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். ஒரு மில்லி நொடி நீடிக்கும் சரிவு அதன் கண்ணில் படவே படாது, சராசரியில் கரைந்துவிடும். அலைக்காட்டி (ஆசிலாஸ்கோப்) இருந்தால் வேலை எளிது. முனையை சிப்பின் மின்வழங்கு காலிலும், தரைக் கவ்வியை அதே சிப்பின் தரைக்கு மிக அருகிலும் வையுங்கள். மின்னழுத்தம் கீழிறங்கும்போது 3.0 வோல்டில் ஒரே ஒருமுறை பிடிக்கும்படி ட்ரிகரை அமைத்துவிட்டுக் காத்திருங்கள். ரேடியோ எழும் கணத்தில் வி வடிவப் பள்ளம் ஒன்று தெரியும். அதன் அடி எத்தனை வோல்ட், அகலம் எத்தனை மில்லி நொடி என்ற இரண்டையும் எழுதி வையுங்கள்.

பிறகு முனையை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: ரெகுலேட்டரின் (மின்னழுத்தத்தை ஒரே மட்டத்தில் தரும் சிப்) வெளியீடு, அதன் உள்ளீடு, செல் பெட்டியின் முனை, கடைசியாகச் செல்லின் உலோகத்திலேயே. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே பள்ளத்தின் ஆழம் திடீரென மாறுகிறதோ அங்கேதான் வோல்ட் தொலைகிறது. தரைக் கம்பியின் பக்கமும் இதேபோல் பாருங்கள். நேர்மின் பக்கத்தையே எல்லோரும் துருவுவார்கள், துருப்பிடித்த எதிர்முனைச் சுருள்வில் நிம்மதியாக இருந்துகொண்டிருக்கும்.

அலைக்காட்டி இல்லையென்றால் சிப்பையே அளவுகருவியாக்கலாம். அனுப்பும் கட்டளைக்கு உடனடியாக அடுத்து, ரேடியோ இன்னும் விழித்திருக்கும்போதே, மின்னழுத்தத்தைப் பத்து இருபது முறை படித்து அவற்றில் மிகக் குறைந்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அனுப்பும்போது அதையும் அனுப்புங்கள். இஎஸ்பி 8266 தன் மின்வழங்கு மின்னழுத்தத்தைத் தானே படிக்கும் வசதி கொண்டது. அதைப் பயன்படுத்தும்போது அனலாக் காலில் வேறெதையும் இணைக்கக் கூடாது. ஏடிமெகாவில் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பீட்டு மூலத்தைத் தலைகீழாக அளந்து மின்வழங்கு மின்னழுத்தத்தைக் கணக்கிடலாம். இஎஸ்பி 32-க்கு வெளியே இரண்டு மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பகுத்துக் குறைக்கும் ஒரு பகுப்பான் வேண்டும். அதன் இரண்டாவது அனலாக் தொகுதியின் கால்கள் வைஃபை இயங்கும்போது படிக்க உதவாது. முதல் தொகுதியின் காலில் இணையுங்கள். இது தெரியாமல் "பேட்டரி அளவு வைஃபை போட்டதும் வரவில்லை" என்று திணறுபவர்கள் ஏராளம்.

மின்னோட்டத்தை அளக்கிறேன் என்று மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் மில்லி ஆம்பியர் நிலையில் வைப்பதும் ஒரு பொறிதான். அந்த நிலையில் மீட்டருக்குள் ஒன்று முதல் சில ஓம் வரை தடை இருக்கும். அளக்கப் போனதாலேயே கருவி நின்றுவிடும், நீங்களோ பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: பேட்டரியின் வகை இந்த வேலைக்கு ஏற்றதா

சிஆர்2032 நாணய செல்லின் உள்தடை புதிதிலேயே 10 ஓமுக்கு மேல் இருக்கலாம். தீரும் காலத்தில் பல மடங்காகும். 15 ஓம் என்று வைத்தால், 300 மில்லி ஆம்பியர் இழுக்க 4.5 வோல்ட் இழப்பு வர வேண்டும். செல்லில் இருப்பதோ 3. வைஃபைக்கு அது ஆகவே ஆகாது. குறைதிறன் புளூடூத்துக்கு அது பொருந்துகிறது: என்ஆர்எஃப்52832 தன் உள் மாற்றியைப் பயன்படுத்தி அனுப்பும்போது 5 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுக்கும், 1.7 வோல்ட் வரை தாங்கும்.

செவ்வக 9 வோல்ட் பேட்டரி, எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்களுக்கானது. உள்தடை அதிகம், கொள்ளளவு குறைவு. நேரியல் ரெகுலேட்டர் வழியாக 3.3-க்கு இறக்கினால் பெரும்பகுதி வெப்பமாகவே போகும்.

லித்தியம் அயனி செல் 4.2-இல் தொடங்கி 3.0 வரை இறங்கும். உள்தடை குறைவு, வைஃபைக்கு ஏற்றது. ஆனால் பாதுகாப்புச் சுற்று பொருத்திய செல்லில் ஒரு குழப்பம் வரும்: செல் எல்லைக்குக் கீழே போனாலோ, ஒரு கணம் மின்னோட்டம் எகிறினாலோ அந்தச் சுற்று வெளியீட்டையே துண்டித்துவிடும். சிலவற்றைச் சார்ஜரில் போட்டால்தான் மறுபடி திறக்கும். வெளி முனையில் பூஜ்யம், உள்ளே செல்லில் 3 வோல்டுக்கு மேல் என்று கண்டால் காரணம் இதுதான்.

என் தனிப்பட்ட விருப்பம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். பெயரளவு 3.2 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அதே மட்டத்தில் நிற்கும். ரெகுலேட்டரே இல்லாமல் இஎஸ்பி வகைப் போர்டுகளுக்குக் கொடுக்கலாம். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு இருக்கும் 3.65 வோல்டைக் கொஞ்சம் தணியவிட்டு இணைத்தால் போதும்.

பத்தாண்டு உழைக்கும் என்று விற்கப்படும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல்லை நேரடியாக ரேடியோவுக்குக் கொடுக்காதீர்கள். நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு மெல்லிய படலம் உருவாகும். திடீரென மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சில கணங்களுக்குப் படுத்துவிட்டுத்தான் எழும். பக்கத்தில் பெரிய மின்தேக்கி இருந்தால் மட்டுமே அதை வைத்துக் குடும்பம் நடத்தலாம்.

பவர் பேங்க்கில் ஓடும் கருவி அரை நிமிடத்தில் நின்றால் மின்னழுத்தக் குறைவைத் தேட வேண்டாம். உறங்கும் போர்டு எடுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைவு என்பதால், யாரும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து அது தன்னையே அணைத்துக்கொள்கிறது.

படி 5: ரெகுலேட்டர்

மலிவான போர்டுகள் பலவற்றில் இருக்கும் ஏஎம்எஸ்1117, 3.3 வோல்ட் கொடுக்க முழுச் சுமையில் அதைவிட ஏறக்குறைய 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளே கேட்கும். அதாவது 4.4 வோல்ட். முழுதாகச் சார்ஜ் செய்த லித்தியம் அயனி செல்லிலேயே அவ்வளவு இல்லை! 3.7 வோல்டில் செல் இருக்கும்போது வெளியே 2.6, 2.7 என்று எதுவும் வரலாம். போதாக்குறைக்கு அது தனக்காகவே ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியரை எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கும். சிப்பை என்னதான் ஆழ்ந்த உறக்கத்தில் போட்டாலும் 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட செல்லை ரெகுலேட்டர் மட்டுமே 400 மணி நேரத்தில், அதாவது பதினேழு நாளில் குடித்துவிடும்.

மாற்றாக எதை எடுத்தாலும் மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: உள்ளுக்கும் வெளிக்கும் இடையே கேட்கும் குறைந்தபட்ச வித்தியாசம், தனக்கென எடுக்கும் மின்னோட்டம், தரக்கூடிய உச்ச மின்னோட்டம். எம்சிபி1700 முதல் இரண்டிலும் சிறந்தது, 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே குடிக்கிறது. ஆனால் 250 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. புளூடூத்துக்கும் சிறிய ரேடியோவுக்கும் அது தங்கம். வைஃபைக்கு நல்ல மின்தேக்கியின் துணை இல்லாமல் போதாது.

மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் மாற்றியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "செல் 2 வோல்டுக்கு இறங்கினாலும் 3.3 தருமே" என்று அதை வாங்குகிறோம். தரும், ஆனால் எப்படித் தருகிறது? வெளியே 3.3 வோல்டில் 300 மில்லி ஆம்பியர் என்பது ஏறக்குறைய 1 வாட். செயல்திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே 1.16 வாட் வேண்டும். செல்கள் 2.0 வோல்டில் இருக்கின்றன, செல்லும் பெட்டியும் கம்பியும் சேர்ந்து 0.8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றி மின்னோட்டம் இழுக்கிறது. இழுத்ததால் உள்ளே வரும் மின்னழுத்தம் சரிகிறது. சரிந்ததால் அதே வாட்டுக்காக இன்னும் அதிகம் இழுக்கிறது. கணக்கைத் தீர்த்தால் 0.92 ஆம்பியரில், 1.26 வோல்டில் தட்டுத் தடுமாறி நிற்கும். தடை 0.86 ஓமைத் தாண்டினால் அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. மாற்றி சரிந்து விழுவதுதான் விடை. செல்லில் மீதமிருக்கும் சக்தியைக் கடைசிச் சொட்டுவரை பிழிய வாங்கிய கருவி, செல் பாதியில் இருக்கும்போதே படுத்துக்கொள்வது இப்படித்தான். பூஸ்ட் வைத்தால் அதன் உள்ளீட்டில் பெரிய மின்தேக்கியும், தடித்த குட்டையான கம்பியும் கட்டாயம்.

படி 6: மின்தேக்கி, எவ்வளவு, எங்கே

சூத்திரம் எளிது. மின்தேக்கியிடமிருந்து எதிர்பார்க்கும் மின்னோட்டத்தைப் பள்ளத்தின் நேரத்தால் பெருக்கி, நீங்கள் பொறுத்துக்கொள்ளும் மின்னழுத்தச் சரிவால் வகுத்தால் ஃபாரட் கிடைக்கும். 0.3 ஆம்பியர், 1 மில்லி நொடி, 0.3 வோல்ட் சரிவு என்றால் 1000 மைக்ரோ ஃபாரட். நடைமுறையில் பேட்டரியும் ஒரு பங்கைக் கொடுக்கும் என்பதால் 470 பல இடங்களில் போதுமானதாக இருக்கும். சிறிய என்ஆர்எஃப்24 மாட்யூலுக்கு அதன் காலிலேயே பற்றவைத்த 10 மைக்ரோ ஃபாரட் போதும்.

இடம் முக்கியம்: சிப்பின் மின்வழங்கு காலுக்கு ஒட்டியே. பத்து சென்டிமீட்டர் மெல்லிய கம்பியின் மறுமுனையில் வைத்தால் பாதிப் பயன் போய்விடும். பெரிய எலக்ட்ரோலிட்டிக்கின் பக்கத்தில் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஒன்றையும் வையுங்கள். மிக வேகமான முகடுகளைப் பெரியதால் பிடிக்க முடியாது.

அளவுக்கு மீறினால் இதுவும் நஞ்சுதான். 1000 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கின் கசிவு, 3.3 வோல்டில் 33 மைக்ரோ ஆம்பியர் வரை இருக்க வழக்கமான தரவுத்தாள்கள் இடம் கொடுக்கின்றன. சிப் உறக்கத்தில் எடுப்பதைவிட அது அதிகமாக இருக்கலாம்.

மெதுவாக, ஆனால் வெகுதூரம் அனுப்பும் லோரா ரேடியோவில் மின்தேக்கித் தந்திரம் பலிக்காது. பரவல் காரணி (கூடக் கூட வேகம் குறையும் ஓர் அமைப்பு) 12-இல் ஒரு பொட்டலம் காற்றில் ஒரு நொடிக்கு மேலும் இருக்கும். எஸ்எக்ஸ்1276 என்ற லோரா சிப் 20 டெசிபல் மில்லிவாட் திறனில் 120 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் மைக்ரோ ஃபாரட்டில் அல்ல, அரை ஃபாரட் அளவில் விடை வரும். அங்கே நல்ல செல் அல்லது குறைந்த திறன், இரண்டில் ஒன்றுதான் வழி.

படி 7: நிரலில் செய்ய வேண்டியவை

விழித்ததும் ரேடியோவைத் தொடும் முன் மின்னழுத்தத்தைப் படியுங்கள். படி 1-இல் குறித்த எண்ணை வைத்து நீங்கள் முடிவுசெய்த எல்லைக்குக் கீழே இருந்தால் எதையும் முயலாமல் ஒரு மணி நேரம் உறங்கிவிடுங்கள். இதைச் செய்யாத கருவி என்ன ஆகும் தெரியுமா? ரீசெட் ஆனதும் சுமை நீங்கி பேட்டரி சற்று மீளும், சிப் எழும், ரேடியோவை இயக்கும், மறுபடி விழும். நொடிக்கொரு முறை இந்த எழுச்சியும் வீழ்ச்சியும் நடந்து, இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்கக்கூடிய செல் ஓர் இரவில் தீர்ந்துபோகும். எல்லையை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். லித்தியம் அயனிக்கு நான் 3.3 வோல்டில் நிறுத்தி, 3.5-க்கு ஏறினால்தான் மறுபடி அனுப்ப விடுகிறேன்.

அனுப்பும் திறனைக் குறைத்துப் பாருங்கள். ரூட்டர் பக்கத்து அறையில் இருக்கும்போது முழுத் திறனில் கத்த வேண்டியதில்லை. நிலையான ஐபி முகவரி கொடுத்தால் இணையும் நேரம் சுருங்கும். இணைய முடியாவிட்டால் முடிவில்லாமல் முயலும் சுழற்சியை நீக்கி, மூன்று முயற்சிக்குப் பிறகு உறங்கச் சொல்லுங்கள். சென்சாருக்கு வெப்பமூட்டி, ரிலே, எஸ்டி கார்டு என்று ஏதாவது இருந்தால் அது முடிந்த பின் ரேடியோ எழட்டும். மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும்போது ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதாதீர்கள். அழிவது அந்த ஒரு மதிப்போடு நிற்காமல் போகலாம்.

ஏடிமெகா 328பி பயன்படுத்துபவர்களுக்கு: 16 மெகாஹெர்ட்ஸில் ஓட அதற்கு 3.78 வோல்ட் வேண்டும். 3.3 வோல்டில் அது ஓடுவது போலத் தெரியும், ஆனால் எல்லைக்கு வெளியே. 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 2.4 வோல்ட் போதும்.

இணையத்தில் கிடைக்கும் சில மாதிரி நிரல்கள், குறிப்பாக இஎஸ்பி 32 கேமரா போர்டுகளுக்கானவை, மின்னழுத்தக் குறைவு கண்டுபிடிப்பானை முதல் வரியிலேயே அணைத்துவிடுகின்றன. காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்தது என்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ரீசெட் நிற்கும், அதற்குப் பதிலாகத் தப்பான தகவல், கெட்டுப்போன சேமிப்பு, உறைந்த போர்டு. அந்த வரியைக் கண்டால் நீக்குங்கள்.

இஎஸ்பி 8266 உறைந்து நிற்பதற்கு மருந்து, மூன்று கால் மட்டுமே உள்ள மின்னழுத்தக் கண்காணிப்புச் சிப். எம்ஏஎக்ஸ்809 வகையில் 3.08, 2.93, 2.63 எனப் பல எல்லைகளில் கிடைக்கிறது. ஃபிளாஷின் 2.7 வோல்டை நினைவில் வைத்து 2.93-ஐ எடுங்கள். மின்னழுத்தம் அதற்குக் கீழே போனதும் ரீசெட் காலைப் பிடித்து வைத்து, மீண்ட பிறகு கொஞ்சம் பொறுத்து விடும்.

படி 8: தீர்ந்ததா என்று சோதிப்பது

புதிய செல்லில் எதுவும் ஓடும். ஆகவே பாதிக்கு மேல் தீர்ந்த செல்களை இதற்கென்றே எடுத்து வைத்திருங்கள். அவற்றை ஒரு பையில் மூடி இரண்டு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எடுத்த சூட்டோடு (குளிரோடு என்று சொல்ல வேண்டும்) மாட்டி, ரூட்டரிலிருந்து தூரத்தில் வைத்து அனுப்பச் செய்யுங்கள். குளிர்ந்திருக்கும் லித்தியம் செல்லைச் சார்ஜ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு தகவலோடும் இரண்டு எண்கள் வரட்டும்: அனுப்புவதற்கு முன் இருந்த மின்னழுத்தம், அனுப்பும்போது தொட்ட மிகக் குறைந்த மின்னழுத்தம். முதல் எண் வாரக்கணக்கில் அசையாமல் இருக்கும்போதே, இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மெதுவாக விரியத் தொடங்கும். என் தொட்டிக் கருவியில் இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லும், சிப்பை ஒட்டி 470 மைக்ரோ ஃபாரட்டும் இருக்கின்றன. வித்தியாசம் 0.07 வோல்ட். அது 0.2-ஐத் தொடும் நாளில் செல் பெட்டியின் முனைகளைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பேன். அதற்கும் இறங்காவிட்டால் செல்லை மாற்றுவேன்.